கமலக்கண்ணன் சட்டை

கமலக்கண்ணனுக்கு உயிர் கிடையாது. இருந்தாலும் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஜெயமணி அவனுக்குப் பதினோரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறாள். எல்லாமே அவள் புருஷன் கருப்பசாமி போட்டுக் கழித்த சட்டைகள். காலரைத் திருப்பி, தோளைக் குறுக்கி, கையை வெட்டித் தைத்தால் கமலக்கண்ணனுக்கு அளவெடுத்தாற்போல் உட்கார்ந்துவிடும்.

ஓசூரிலிருந்து பாகலூர் போகிற ரோட்டில், ஒரு ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னால் அந்த யார்டு இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் தகரக் கூரையும் ஒரு நீள இரும்புக் குழாயும்தான் தெரியும். விமானத்துக்கு முன்கண்ணாடி செய்கிறவர்கள் கண்ணாடியை இங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பறக்கும்போது பருந்தோ கொக்கோ வந்து மோதினால் தாங்குமா என்று பார்த்துச் சொல்லவேண்டும். செத்த கோழி ஒன்றைப் பையில் போட்டுக் குழாயில் வைத்து, காற்றை அழுத்தி அடைத்துச் சட்டென்று திறந்துவிடுவார்கள். நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் கோழி போய்க் கண்ணாடியில் அடித்திருக்கும். யார்டுக்காரர்கள் அதை கன் என்பார்கள், ஊர்க்காரர்கள் கோழி பீரங்கி என்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பைலட் சீட்டில் துணிக்கடைப் பொம்மை ஒன்றை உட்கார வைத்திருப்பார்கள். அதற்கு முகம் மட்டும் தெர்மகோல். கண்ணாடிச் சில்லு தெறித்தால் அதில் குத்தி நிற்கும். அந்தப் பொம்மைதான் கமலக்கண்ணன். யார்டு ஆரம்பித்த காலத்தில் அந்தப் பெயரில் ஒரு மேனேஜர் இருந்தாராம், சிரிக்கவே மாட்டாராம்.

ஜெயமணி சாத்தூர் பக்கத்துக்காரி. கல்யாணமான மூன்றாம் நாள் ஓசூருக்கு வந்தாள். பிறந்த ஊரை நினைத்து அவள் ஏங்கியதே இல்லை, அந்த வெயிலை நினைத்து ஏங்குவதற்கு என்ன இருக்கிறது? அவள் மனசு போய்ப்போய் நிற்பதெல்லாம் அந்த முதல் சில வருஷத்து ஓசூரில்தான். எட்டு வீட்டு லைன். எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாயடியில் தமிழில் ஆரம்பித்த சண்டை கன்னடத்தில் வளர்ந்து தெலுங்கில் சமாதானமாகும். தை மாசத்தில் ஒன்பது மணிக்குக்கூட வாயைத் திறந்தால் புகை வரும். கருப்பசாமி குல்லாவும் ஸ்வெட்டருமாக ஷிப்டுக்குக் கிளம்பும்போது திருடனைப்போல் இருப்பான். விடிகாலையில் ரோஜா ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகிற வேன்கள் தெரு முழுக்க வாசனையை விட்டுப் போகும். இப்போது அந்த இடத்தில் பாலம் வந்து, பாலத்துக்கு மேல் இன்னொரு பாலமும் வந்தாகிவிட்டது. பத்து மணிக்கே வேர்க்கிறது. லைன் வீட்டை இடித்து ஆறு மாடி கட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கிடைத்து, இன்னும் கைவிட்டுப் போகாதது நாராயணம்மா ஒருத்திதான். மத்தூரில் பிறந்து இங்கே கங்கப்பனைக் கட்டிக்கொண்டு வந்தவள். புருஷனும் பெண்டாட்டியும் கேழ்வரகுக் காட்டிலும் ரோஜாத் தோட்டத்திலும் கூலிக்குப் போனவர்கள். அடுத்த வீடு. ஜெயமணிக்குக் களி கிண்டவும் அவரைக்கொட்டை போட்டு உப்புச்சாறு வைக்கவும் சொல்லிக்கொடுத்தது அவள்தான். முதல் தடவை ஜெயமணி கிண்டிய களியைப் பார்த்துவிட்டு, "இன்னா மணிம்மா, இத்த செவுத்துல பூசலாமா, சாப்புடலாமா?" என்று கேட்டவள். யார்டு வந்தபின் கங்கப்பன் கேட்டில் வாட்ச்மேன் ஆனான். நாராயணம்மா வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்து யார்டுக்குக் கொடுத்தாள். கோழியைத் தேர்ந்தெடுத்து, நிறுத்து, சிலிப் எழுதிக் கொடுக்கிற வேலை ஜெயமணிக்குக் கிடைத்தது. கருப்பசாமிக்கு கன்னில் வால்வு திறக்கிற வேலை. ஆக ஒரு கோழி கண்ணாடிக்குப் போய்ச் சேர இந்த இரண்டு வீடும்தான் வழி.

கோழிக்கு நிறைய சட்டம் உண்டு. ஐஸில் வைத்தது ஆகாது, கல்லாகிவிடும். அன்றைக்குக் கொன்றதாக இருக்கவேண்டும். ரத்தம் போகக் கூடாது, இறகு பிய்க்கக் கூடாது. எடை ஆயிரத்து எண்ணூறு கிராம். மேலே கொஞ்சம் போனால் போகட்டும், கீழே ஒரு கிராம் குறையக் கூடாது. கழுத்தைத் திருகுவது நாராயணம்மா. அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. கோழியின் தலையில் தண்ணீர் தெளிப்பாள். அது உடம்பைச் சிலுப்பவேண்டும். சிலுப்பினால் சம்மதம். அதன் பிறகுதான் கை வைப்பாள். முனியப்பனுக்கு வெட்டினாலும் விமானத்துக்குத் திருகினாலும் அவளுக்கு ஒரே முறைதான். யார்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. நாலு சொட்டுத் தண்ணீர், ஒரு சிலுப்பு, அவ்வளவுதானே.

இந்தத் தை மாசம் அந்த நாலு சொட்டுதான் வினையானது.

அன்றைக்குப் பழைய ஓசூர் திரும்பி வந்தாற்போல் அப்படியொரு பனி. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. ஜெயமணிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பீரோ அடியிலிருந்து பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். எப்போதும் இரண்டு கோழி தயார் செய்வார்கள், ஒன்று அடிக்க, ஒன்று ஸ்பேர். கோழிகள் இரண்டும் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. நாராயணம்மா தண்ணீர் தெளித்தாள். சிலுப்பவில்லை. கையில் அள்ளி ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு இருந்தனவே தவிர அசையவில்லை.

"ரெண்டும் பெருமாள் கோயில் கல்லாட்டம் குந்தினுகீதே, தேவுடா!" என்று சொம்போடு கவிழ்த்தாள். மூன்றாவது சொம்புக்கு ஒன்று சிலுப்பியது, நாலாவதுக்கு மற்றது. "சாலு, போதும். சரின்னுட்ச்சி" என்று வேலையை முடித்தாள்.

ஜெயமணி நிறுத்தாள். ஒன்று ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து. ஸ்பேர் ஆயிரத்து எண்ணூற்று ஐந்து. சிலிப் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழாயில் வைக்கும் முன் அங்கேயே இன்னொரு தரம் நிறுக்கவேண்டும் என்றுதான் முறை. அரை மணியில் அடித்துவிடுகிற வேலைக்கு இரண்டு தடவை எதற்கு என்று அது எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஜெயமணி சிலிப் என்றால் கருப்பசாமி கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவான். மேனேஜர் சௌந்தரராஜனும் அப்படியே.

அன்றைக்கு அரை மணியில் நடக்கவில்லை. கண்ணாடிக் கம்பெனிக்காரர்கள் பனியில் அத்திப்பள்ளி தாண்டி மாட்டிக்கொண்டார்கள். பிறகு கேமரா விளக்கு எரியவில்லை. கோழிகள் இரண்டும் ஷெட்டில் காற்றாடிக்கு எதிரே தலைகீழாகத் தொங்கின. பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று வந்துவிட்டது. மூன்று மணிக்குத்தான் சைரன் ஊதினார்கள்.

கண்ணாடி சிலந்திவலையாக விரிசல் விட்டது. ஆனால் பெயரவில்லை. கமலக்கண்ணன் முகத்தில் ஒரு சில்லுகூட இல்லை. பாஸ்.

கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் பெண் ஹரிணி துள்ளிக் குதித்தாள். கல்லூரி முடித்து மூன்று வருஷம்தான் இருக்கும். தன் கையால் மைசூர்பாகு கொண்டுவந்து ஜெயமணிக்கும் நாராயணம்மாவுக்கும் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, இந்தக் கண்ணாடி போட்டு முதல் பிளைட் கிளம்புறப்போ பைலட் பக்கத்து சீட்ல நான்தான். எங்க சார் ப்ராமிஸ் பண்ணியிருக்கார்."

"நல்லா போய்ட்டு வா கண்ணு" என்றாள் நாராயணம்மா. "மேலேர்ந்து எங்க ஊட்டுக் கூரைல காயப்போட்ட மொளகா தெரியுதான்னு பாத்துச் சொல்லு."

கருப்பசாமிக்கும் அன்றைக்கு உற்சாகம். திங்கட்கிழமை அவனுக்கு சூப்பர்வைசர் லெட்டர் தருவதாக இருந்தது. அதற்கென்று வெளிர்நீலத்தில் ஒரு சட்டை வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு லெட்டர்.

ஸ்பேர் கோழி வீட்டுக்குப் போவது வழக்கம். இரண்டு வீட்டுக்கும் பாதிப்பாதி. சாயங்காலம் ஜெயமணி வீட்டு வாசலில் வைத்து இறகு பிடுங்க உட்கார்ந்தார்கள். கை பழகிப்போனதால் ஜெயமணி அதை எடுத்து வீட்டுத் தராசில் வைத்தாள். ஆயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள். உள்ளே போய் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுவந்து வைத்தாள். ஆயிரத்து மூன்று. கவருக்கு மூன்று கிராம், சரிதான். மறுபடி கோழி. ஆயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து. இறகைத் தடவிப் பார்த்தாள், காய்ந்து மொரமொரவென்று இருந்தது. காலையில் சொட்டச் சொட்ட நிறுத்தது ஞாபகத்துக்கு வந்தது. அதே தண்ணீரில் நனைந்து, அதே காற்றாடியில் காய்ந்த கோழிதான் கண்ணாடியில் அடித்தது.

"நாராயணக்கா, இதை இப்ப பிடுங்க வேண்டாம்" என்றாள்.

"ஏன், இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. காலைல சொல்லுதேன்."

நாராயணம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

கருப்பசாமி குளித்துவிட்டு வந்தான். ஜெயமணி தராசையும் கோழியையும் உப்புப் பாக்கெட்டையும் அவன் முன்னால் வைத்துச் சொன்னாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். துவட்டுவது நின்றது.

"எம்புட்டுக் கொறையுது?"

"நூத்தி முப்பது."

"நூத்தி முப்பது கிராம்." அவன் சிரிக்கப் பார்த்தான். "ரெண்டு எலுமிச்சம்பழம். ஏ மணி, அதுக்கா இந்த மூஞ்சி? கண்ணாடிக்காரன் அதுக்கெல்லாம் சேத்து வச்சித்தான் செஞ்சிருப்பான்."

"அப்படி வச்சிருந்தா ஆயிரத்து எண்ணூறு எதுக்குன்னு சட்டம் போட்டிருக்காக?"

"சட்டம் ஆயிரம் இருக்கும்."

"நீங்கதான சொன்னீக, அந்த வேகத்துல கிராமெல்லாம் டன்னா மாறிப்போகும்னு. சிலிப்புல ஒரு கிராம் தப்பா எழுதினாலும் ஒரு ஆள் தலைதான்னு எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தப்ப சொன்னது நீங்கதான."

"சொன்னேன். அதுக்கென்ன இப்ப?" அவன் துண்டைக் கொடியில் எறிந்தான். "சிலிப்புல உன் கையெழுத்து. அதுக்குக் கீழ என் கையெழுத்து. நிறுக்காம வச்சது நான். திங்கக்கெழம லெட்டரு. நீ போயிச் சொல்லு, லெட்டரா வரும்? கேட்டுக்கு வெளிய போன்னு வரும். கூட கங்கப்பன் பொண்டாட்டியையும் சேத்து அனுப்புவாக. கோழிகிட்ட சம்மதம் கேட்டோம் சார்னு சொல்லுவியா? சிரிப்பாக மணி. இங்க மட்டுமில்ல, பெங்களூரு வரைக்கும் சிரிப்பாக."

"அந்தப் பிள்ளை முத பிளைட்ல உக்காரப்போகுதுங்க."

"உக்காந்தா? நாளைக்கே பருந்து வந்து அடிச்சிரப்போகுதா? சும்மா கெட."

அவள் சும்மாதான் கிடந்தாள். சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள். ஆனால் மனசு போய் யார்டு வந்த அந்த முதல் வருஷத்தில் நின்றுகொண்டது. அப்போது அவளுக்கு யார்டில் வேலை இல்லை. கருப்பசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்கப்பனிடம் சொல்லி அவளை வேலியோரம் நிற்க வைத்துக் காட்டினான். தூக்குவாளியில் அவனுக்குப் புளிச்சோறு கொண்டுபோயிருந்தாள். அவள் காதைப் பொத்திக்கொள்ளும் முன்பே வெடித்துவிட்டது. அன்றைக்குக் கண்ணாடி ஃபெயில். உள்ளே இருந்து கமலக்கண்ணனைத் தூக்கி வந்தார்கள். முகம் முழுக்கச் சில்லு. நெஞ்சில், அவள் கல்யாணத்துக்குக் கருப்பசாமி போட்டிருந்த சந்தனக் கலர் சட்டை கிழிந்து தொங்கியது. பழசு என்று அவளிடம் சொல்லாமல் கொண்டுவந்து பொம்மைக்கு மாட்டியிருந்தான். அந்தச் சட்டையை அப்படிப் பார்த்ததும் அவள் ஓவென்று அழுதுவிட்டாள். புளிச்சோறு கீழே கொட்டிப்போனது. யார்டே சிரித்தது. கருப்பசாமி சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத மணி. இவன் முகத்துல குத்துறதெல்லாம் குத்திட்டா அங்க இருக்கவன் முகம் தப்பிச்சிருச்சின்னு அர்த்தம்" என்றான். அன்றிலிருந்துதான் கமலக்கண்ணனுக்குச் சட்டை தைக்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அந்தக் கருப்பசாமியை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

விடிந்ததும் நாராயணம்மா வீட்டுக்குப் போனாள். அவள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். ஜெயமணி விஷயத்தைச் சொன்னாள். நாராயணம்மாவின் கை தவிட்டிலேயே நின்றது.

"அப்ப நான் ஊத்தின தண்ணிதான் தப்புன்றியா?"

"உன்னைச் சொல்லலைக்கா. நிறுத்தது நான்."

"கேக்காம கொள்ளாம எப்பிடி கழுத்தத் திருகறது மணிம்மா? ரெண்டு மாசம் நான் கூப்ட்ட கொரலுக்கு ஓடியாந்த உசுரு அது. அதாண்ட ஒரு வார்த்த கேக்கலன்னா எனுக்குத் தூக்கம் புடிக்குமா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருசத்துல ஒண்ணியும் ஆவல. இப்பப் போயி..."

"நான் போயி என் தப்புன்னு சொல்லிடுதேன். தண்ணியப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

நாராயணம்மா கையைக் கழுவினாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "வேணா மணிம்மா. நீ தனியா போவாத. அந்தப் பொண்ணு குட்த்த மைசூர்பாகு இன்னும் என் நாக்குல இனிக்கிது. ஊத்தினவ நான், நானே சொல்றேன். இரு, பொடவ மாத்தினு வரேன்."

சௌந்தரராஜன் இரண்டு பேரையும் நிற்க வைத்து முழுசாகக் கேட்டார். அவர்கள் பையில் கொண்டுபோன கோழியைத் தானே நிறுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"குழாய்கிட்ட ரெண்டாவது தடவை நிறுக்கறதை எப்ப விட்டோம்?"

"நாலு வருசம் இருக்கும் சார்" என்றாள் ஜெயமணி.

"எனக்கும் தெரியும், நானும் கேக்கலை." மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா."

"எங்களுக்குத் தெரியுமே சார்" என்றாள் ஜெயமணி.

மைக்கில் கருப்பசாமியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவன் உள்ளே வந்ததும் மேஜைமேல் இருந்த கோழியைப் பார்த்தான், பிறகு ஜெயமணியைப் பார்த்தான். அவன் முகத்தை அவள் அப்படி எப்போதும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை லெட்டர் வரவில்லை. விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். வேலை இருக்குமா என்று கேட்டதற்கும் அதே பேச்சுதான். கருப்பசாமி வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டான். சோறு வை என்றுகூடச் சொல்லவில்லை, தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான். கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. நாலு நாள். லைன் வீட்டில் இருந்த காலத்தில் சண்டை போட்டால் ஒரு மணி நேரம் தாங்காது, நடுச்சுவர் வழியாகவே நாராயணம்மா பஞ்சாயத்துப் பண்ணிவிடுவாள். இப்போது சுவரெல்லாம் கெட்டி.

வெள்ளிக்கிழமை மறு டெஸ்ட். அதே மாதிரிக் கண்ணாடி இன்னொன்று வந்தது. ஹரிணியும் வந்தாள். இந்தத் தடவை மைசூர்பாகு இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. பாஸான கண்ணாடியை மறுபடி அடிக்கச் சொல்கிறார்களே என்று கோபம். தராசைக் குழாயடிக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

நாராயணம்மா கோழியோடு உட்கார்ந்தாள். சொம்பைக் காணோம். ஒரு மூடியில் கொஞ்சம் தண்ணீர். மூன்று விரலை நனைத்துத் தெளித்தாள், அவ்வளவுதான். கோழி சிலுப்பவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பத்து நிமிஷம் ஆனது. கேமராக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஹரிணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், எதுக்கு வெயிட் பண்றோம்?"

"கோழி இன்னும் சரின்னு சொல்லலை" என்றார் சௌந்தரராஜன், முகத்தில் எதையும் காட்டாமல்.

"சார்!"

"அந்தம்மா கேக்கட்டும். நாம இந்தத் தடவை எதையும் அவசரப்படுத்த வேண்டாம்."

கங்கப்பன் கேட்டை விட்டு வந்து நின்றான். பெங்களூர்க்காரர்கள் ஐந்து பேர், யார்டு ஆட்கள் எட்டுப் பேர், எல்லாரும் ஒரு கோழியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் தகரத்தில் ஏறியது. இருபது நிமிஷம் போனபின் கோழி கழுத்தை நீட்டி, இறகெல்லாம் உப்ப, உடம்பை ஒரு உதறு உதறியது. யாரோ கை தட்டினார்கள். நாராயணம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு வேலையை முடித்தாள்.

ஜெயமணி எல்லார் முன்னாலும் நிறுத்தாள். ஆயிரத்து எண்ணூற்று எட்டு. இறகு காய்ந்திருந்தது. சிலிப்பைக் கருப்பசாமியிடம் நீட்டினாள். அவன் சிலிப்பை வாங்கவில்லை. கோழியை வாங்கித் தானே ஒரு தரம் நிறுத்தான். ஆயிரத்து எண்ணூற்று எட்டு. அதன் பிறகு கையெழுத்துப் போட்டான்.

சைரன் மூன்று தடவை ஊதியது. ஜெயமணி காதைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் அடங்கியதும் எல்லாரும் கண்ணாடியிடம் ஓடினார்கள். கண்ணாடியின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. கமலக்கண்ணனின் தெர்மகோல் முகம் முழுக்கச் சில்லு, கண் இருக்கவேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒன்று. மார்பில் சட்டை இரண்டாகக் கிழிந்திருந்தது. பக்கத்து சீட்டிலும் சில்லு கொட்டிக் கிடந்தது. சௌந்தரராஜன் முகத்தில் குத்தியதை எண்ண ஆரம்பித்து நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஹரிணி மெதுவாகப் படியேறிப் போனாள். கமலக்கண்ணனைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு இறங்கி வந்தாள். ஜெயமணிக்கும் நாராயணம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். நாராயணம்மா அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"ஒண்ணியும் இல்ல கண்ணு. நல்ல கண்ணாடியா செய்யி. கோழி நான் தரேன்."

கருப்பசாமி பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் கிடத்தினான். குத்த வைத்து உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு சில்லாகப் பிடுங்கி டப்பாவில் போட ஆரம்பித்தான். ஜெயமணியும் எதிரே உட்கார்ந்து கிழிந்த சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். பாதி டப்பா நிறைந்தது.

"மணி" என்றான்.

நாலு நாளைக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்கிறாள். நிமிர்ந்து பார்க்காமல், "என்ன?" என்றாள்.

"இந்தச் சட்டை தைக்க ஆகுமா?"

"ஆகாது. நார்நாராக் கிழிஞ்சிருக்கு. உங்ககிட்ட பழசும் ஒண்ணும் இல்ல."

அவன் இன்னொரு சில்லைப் பிடுங்கினான். விரலில் ரத்தம் எட்டிப் பார்த்தது. வாயில் வைத்துக்கொண்டான்.

"பீரோவுல அந்த நீலச் சட்டை இருக்குல்ல, அதை வெட்டிரு."

"அது புதுசுங்க. பிரிக்கக்கூட இல்ல."

"இருக்கட்டும். இம்புட்டு வருசமா இவனுக்குப் பழசையே மாட்டி விட்டிருக்கோம்."

ஜெயமணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பொத்தான்களை முந்தானையில் முடிந்துகொண்டு, கமலக்கண்ணனின் தோளை விரலால் சாண் போட்டு அளந்தாள்.